பதினோராம் பக்கம்

பதினோராம் பக்கத்தை ஷிஃபானா கிழிக்கவில்லை. கிழிக்கிற பிள்ளையாக அவளை உம்மா நஜ்முன் நிஸா வளர்க்கவும் இல்லை. கோப்பின் மூலையில் இருந்த பின்னை நகத்தால் நெம்பி, அந்த ஒரு தாளை மட்டும் நோகாமல் உருவி, பின்னைத் திரும்ப அதே ஓட்டையில் வைத்து அமுக்கினாள். உருவிய தாளை இரண்டாக மடித்து, அலுமாரியின் கீழ்த் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பருக்கு அடியில் படுக்க வைத்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரிக் குசினிக்குப் போய், உம்மா ஏற்கெனவே அரிந்து வைத்திருந்த வெங்காயத்தை இன்னொரு தரம் அரிந்தாள்.

அது அவளுடைய காரின் ஒப்பந்தம். அவளுடைய கார் என்று மூதூர் முழுக்கச் சொன்னாலும், கம்பனி குத்தகைக்கு எடுத்துக் கொடுத்த மின்சாரக் கார்தான் அது. மீன் முதலாளிமாரின் ஐஸ் அறைகளுக்கு இயந்திரம் விற்று, பழுதும் பார்க்கிற கம்பனி. சல்லிக் கிராமத்திலிருந்து மூதூர் வரைக்கும் எவருடைய ஐஸ் அறை சூடு பிடித்தாலும் ஷிஃபானாதான் ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். அரசாங்கம் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட கையோடு கம்பனி ஆறு கார்களை எடுத்தது. ஒன்று இவளுக்கு விழுந்தது. கூடவே வீட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்ற ஒரு பெட்டியும் வந்தது.

பாலையூற்றுத் திலக்சன்தான் வந்து பெட்டியைப் போர்ட்டிகோச் சுவரில் பூட்டினான். முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்தவன். இப்போது மாவட்டம் முழுக்கப் பெட்டி பூட்டித் திரிகிறான். மின்சாரம் ஒழுகினால் மண்ணுக்குள் இறங்கிப் போவதற்கென்று ஒரு ஏர்த் கம்பியையும் பத்தடி ஆழத்துக்கு இறக்கினான். "சாதாரண பிளக்கில குத்திப்போடாதேங்கோ தங்கச்சி. ஏர்த் போட்ட இப்பிடிப் பெட்டியிலதான் ஏத்தோணும். இல்லாட்டி இன்சூரன்ஸ் இல்லை" என்று எச்சரித்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பின்னேரம் அயல் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, வயரில் கட்டுண்டு நின்ற காரைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஷிஃபானா, மாட்டைக் கட்டிப் போட்டிருக்கிறாய், பால் எத்தனை போத்தல்?" என்று கேட்டவர்களும் உண்டு.

இந்தக் கேலிக்கெல்லாம் அஞ்சுகிறவள் இல்லை அவள். அவள் அஞ்சியது ஒரேயொரு விஷயத்துக்கு. அது மாவனல்லையிலிருந்து வந்தது.

மூதூரில் வீடு பெண்ணுக்கு. பிள்ளை பெண்ணாகப் பிறந்த அன்றைக்கே வாப்பாமார் கல்லும் சீமந்தும் கணக்குப் போடத் தொடங்குவார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். ஷிஃபானாவின் வாப்பா பக்கீர் இருபத்திரண்டு வருடம் நெல் ஏற்றி இறக்கி, அறை அறையாகக் கட்டி முடித்த வீடு இது. குசினி யன்னலைத் திறந்தால் குடா தெரியும். அதற்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். இந்த வீட்டை விட்டு ஒருநாள் போக வேண்டி வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அப்படியிருக்க, றிஸ்கான் என்ற மாப்பிள்ளை பேச்சு வந்தது. துறைமுகத்தில் அதே பாரந்தூக்கிகளின் மின்வேலை பார்க்கிற இஞ்சினியர். ஆள் மாவனல்லை. வாப்பா இல்லை. இரும்புச் சாமான் கடையைத் தனியாக நின்று நடத்துகிற உம்மா மட்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பகல் சாப்பாட்டில் நஜ்முன் நிஸா கீரிமீன் குழம்பு வைத்திருந்தாள். மலைநாட்டுப் பிள்ளைக்கு முள் எடுக்கத் தெரியவில்லை. ஆனாலும் 'வேண்டாம்' என்று தள்ளி வைக்காமல், நெற்றி வியர்க்க வியர்க்க ஒவ்வொரு முள்ளாக உருவிச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி, முழு மீனையும் தின்று முடித்தான். கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த ஷிஃபானாவுக்கு அந்த நிமிடமே அவனைப் பிடித்துப்போயிற்று. அதை ஒளிக்க என்ன இருக்கிறது, பிடித்ததென்றால் பிடித்ததுதான்.

பிடிக்காமல் போனது அதற்குப் பிறகு அவனுடைய உம்மா சொன்னது. பஸ்மியா தேத்தண்ணியை வைத்துவிட்டு, போர்ட்டிகோவில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, கதவைத் திறந்து மூடினார்.

"நல்ல கார். மகளயும் காரயும் எங்களுக்குத் தாங்க. மாவனல்லைல கொண்டு வெச்சுக்கிறோம். கண்டில ஒங்கட கம்பனிக்கு ஒபிஸ் ஈக்குது, மாத்தி எடுக்கலாம். மகனும் துறைமுகத்த உட்டுட்டு வந்தானெண்டா கடையப் பாத்துப்பான்."

நஜ்முன் நிஸா பொய் பேசத் தெரியாத மனிசி. மறுத்துப் பேசவும் தெரியாது. "நீங்க சொன்னாச் சரி" என்று தலையாட்டிவிட்டாள். பக்கீர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் ஷிஃபானாவின் வாய், அவளைக் கேட்காமலேயே திறந்தது.

"நான் வருவன் மாமி. ஆனாக் கார் வராதே."

"ஏன் மகள்?"

"இந்தப் பெட்டி இருக்கிற இடத்திலதான் கார் இருக்கோணும். பெட்டியக் கழட்ட ஏலாது. நாலு வருசத்துக்கு அசைக்கக் கூடாதெண்டு ஒப்பந்தத்திலயே எழுதியிருக்கு."

பஸ்மியா பெட்டியைப் பார்த்தார். பெட்டி சுவரோடு சுவராகப் பேசாமல் இருந்தது. "அப்பிடியா? அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம மகன் அந்த ஒப்பந்தத்தப் பாப்பான். பெட்டியயும் பாப்பான். அவன் இதுக்குத்தானே படிச்சீக்கான்."

அவர்கள் போன பிறகு ஷிஃபானா ஓடிப்போய் ஒப்பந்தத்தை எடுத்து முதன்முறையாக முழுவதும் வாசித்தாள். கம்பனி இங்கிலீசில் பதினாறு பக்கம் எழுதியிருந்தது. பதினோராம் பக்கத்தில் இருந்தது அவள் தலைக்கு இடி: வீடு மாறினால், இடமாற்றம் கிடைத்தால், அல்லது கலியாணம் முடித்துப் போனால், பெட்டியைக் கம்பனியே கழற்றி, நாட்டின் எந்த மூலைக்கும் இலவசமாகக் கொண்டுபோய்ப் பூட்டித் தரும். ஒருமுறைக்குக் காசு ஒன்றும் கேட்காது. கலியாணம் என்ற சொல்லைக்கூட மறக்காமல் போட்டிருந்தார்கள். எவ்வளவு அக்கறையான கம்பனி! அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஆக, அந்தப் பக்கம் அலுமாரிக்குள் ஓய்வெடுக்கப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே அவர்கள் வந்துவிட்டார்கள். றிஸ்கான் ஒரு கையில் பிஸ்கட் பெட்டியும் மறு கையில் சின்னதொரு மின்வேலை ஆயுதப் பையுமாக வந்தான். போர்ட்டிகோவிலேயே கதிரைகள் போட்டு எல்லாரும் இருந்தார்கள். நஜ்முன் நிஸா எருமைத் தயிரும் பாணியும் கொண்டுவந்து வைத்தாள். ஷிஃபானா ஒப்பந்தக் கோப்பைக் கொண்டுவந்து பஸ்மியாவின் கையில் கொடுத்தாள். அவருக்கு இங்கிலீசு வராது என்பது அவளுக்குத் தெரியும்.

பஸ்மியா விரலை நாக்கில் தொட்டு, கடைக் கணக்குக் கொப்பி புரட்டுகிற வேகத்தில் முதலிலிருந்து கடைசி வரை சரசரவென்று புரட்டினார். நடுவில் ஒருதரம் விரல் நின்றது. பிறகு மூடி மகனிடம் நீட்டினார். "எனக்கு என்னத்த வெளங்குது. நீ பாரு."

றிஸ்கான் ஆறுதலாக வாசித்தான். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். எதிரே தூணோடு நின்ற ஷிஃபானா அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எட்டாம் பக்கத்தைத் திருப்பியபோதுதான் தாளின் அடியில் நடுவாக அச்சடித்திருந்த அந்தச் சின்ன இலக்கம் அவள் கண்ணில் பட்டது.

பக்க இலக்கம்! தாளை உருவிய புத்திசாலிக்கு அது ஏழு நாளாக நினைவுக்கு வரவில்லை. இப்போது தடுக்கவும் முடியாது. மயங்கி விழலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஒன்பது. பத்து. அவன் திருப்பினான். பன்னிரண்டு.

அவன் விரல் நின்றது. திரும்பப் பத்துக்குப் போனான். பன்னிரண்டுக்கு வந்தான். தலையை நிமிர்த்தவில்லை; புருவம் மட்டும் ஒருதரம் மேலே போய் இறங்கியது. பிறகு கடைசிப் பக்கம் வரை ஒழுங்காக வாசித்து, கோப்பை மூடி மேசையில் வைத்தான்.

"என்ன எழுதீக்குது?" என்றார் பஸ்மியா.

"இதில இருக்கிற அளவுக்கு, கழட்டலாமெண்டு ஒரு இடத்திலயும் எழுதயில்ல உம்மா."

ஷிஃபானா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாட்டி என்ன? நீ கழட்டிப் பாரு."

றிஸ்கான் எழுந்து பெட்டியின் முன்னால் போய் நின்றான். நாலு ஸ்குரூ ஆணி. அவ்வளவுதான் விஷயம். துறைமுகத்தில் நூறு தொன் பாரந்தூக்கியைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு இது தயிர் தின்கிற நேர வேலை. ஆனால் அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். குந்தியிருந்து வயரைப் பார்த்தான். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, மூடியை எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, யாரோ செத்துப்போன வீட்டில் நிற்பவனைப் போல உச்சுக் கொட்டினான்.

இந்த நேரம் பார்த்து நஜ்முன் நிஸா உண்மையைச் சொல்லப் புறப்பட்டாள். "திலக்சன் தம்பி இதை ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில பூட்டினவர், மகன். லேசாத்தான் பூட்டினவர்."

"பூட்டுறது லேசு மாமி" என்றான் றிஸ்கான் திரும்பிப் பாராமலே. "கழட்டுறதுதான் பாடு." பிறகு பக்கீரிடம், "மாமா, ஏர்த் கம்பி எவ்வளவு இறக்கினவர்?"

"பத்தடி" என்றார் பக்கீர். தன்னையும் ஒருவர் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு வந்தது. "எங்கட மண் ஈர மணல், மகன். கம்பி தானாப் போகும்."

"அதுதான். உம்மா, பெட்டி வரும். மண் வருமா? எங்கட வீட்டுக்குக் கீழ என்ன ஈக்குது?"

பஸ்மியா மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கல்" என்றார். "கருங்கல்தான். ஒங்க வாப்பா கெணறு தோண்டக்கொள்ள வெடி வெச்சது எனக்கு ஞாபகம் ஈக்குது."

"அப்ப ஏர்த் இறங்காது. ஏர்த் இல்லாம இந்தப் பெட்டி வேல செய்யாது. புதுசா வேறொண்டு வாங்கிப் பூட்டினாலும் இதே கததான்."

பஸ்மியா தயிர்க் கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அப்ப மகன் இங்க ஈக்கட்டும்" என்றார் கடைசியில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எனக்கென்ன. கடைய மூடிட்டு வந்தா சுவரோட பேசுற பழக்கம்தானே. இன்னங் கொஞ்சம் பேசிட்டுப் போறேன்."

அது ஷிஃபானாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. இவ்வளவு நேரமும் அவள் ஒரு பேராசைக்கார மாமியாரோடு சூது விளையாடுவதாகத்தான் நினைத்திருந்தாள். எதிரே இருந்தது தனியாகச் சோறு தின்கிற ஒரு மனிசி. வெட்கமாக இருந்தது. வீடு போனால் போகட்டும், சொல்லிவிடுவோம் என்று இரண்டடி முன்னால் வைத்தாள்.

"மாமி, நான் ஒண்டு சொல்லோணும். அந்த ஒப்பந்தத்தில—"

"ஒருத்தரும் காலை அசைக்காதீங்க!" என்று றிஸ்கான் கத்தினான். "ஸ்குரூ ஆணி ஒண்டு விழுந்திட்டுது!"

எல்லாரும் பதறிப்போனார்கள். பக்கீர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரைக்கு அடியில் நுழைந்தார். நஜ்முன் நிஸா விளக்குமாறு எடுக்க ஓடினாள். பஸ்மியா செருப்பைக் கழற்றி உதறிப் பார்த்தார். ஷிஃபானாவும் குனிந்து தேடினாள். தேடித் தேடி அவன் காலடிக்கு வந்து நிமிர்ந்தபோது, அவனுடைய சேர்ட் பையின் விளிம்பில் ஒரு ஆணியின் தலை பளிச்சென்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவன் பார்த்தான். பையை மெதுவாகக் கையால் பொத்திக்கொண்டான்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவள் திரும்பக் குனிந்து விழாத ஆணியைத் தேடத் தொடங்கினாள்.

பஸ்மியா ஒரேயொரு நிபந்தனை போட்டார். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு பேரும் அதே காரில் மாவனல்லைக்கு வந்து அவரைப் பார்க்க வேண்டும். தெருவில் எல்லாரும் பார்க்கிற மாதிரிப் பகலில் வர வேண்டும். பக்கீர் அந்த நிமிடமே சரி என்றார்.

நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை மூதூர் வழமைப்படி உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் காலையில் ஷிஃபானா பாணுக்குச் சம்பல் இடித்துவிட்டு அறைக்குள் போனபோது, றிஸ்கான் அலுமாரிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். கீழ்த் தட்டு.

அவன் அவளைக் கவனிக்கவில்லை. பேர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். பழைய பேப்பரின் மூலையைத் தூக்கி, அதற்கு அடியில் அதைத் தள்ளப் பார்த்தான். தள்ளிய கை நின்றது. உள்ளேயிருந்து இன்னொரு தாளை வெளியே எடுத்து, இரண்டையும் விரித்து அருகருகே பிடித்தான்.

இரண்டும் பதினோராம் பக்கம்.

"உங்களுக்கு எங்கால இது?" என்றாள் ஷிஃபானா, கதவடியில் நின்றபடியே.

அவன் திடுக்கிட்டுத் திரும்பி, பிறகு சிரித்தான். "திலக்சன் தந்தவன். நானும் அவனும் ஒரே கிரேன்ல மூணு வருசம் வேல செஞ்சவங்க. முதல் நாள் இஞ்ச வந்திட்டுப் போன கையோட அவனிட்டத்தான் கேட்டன், உண்மையிலயே கழட்ட ஏலாதா எண்டு. அவன் விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, தன்னிட்ட இருந்த ஒப்பந்தத்தில இருந்து இந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்துத் தந்தான்."

"அப்ப நீங்க கோப்பைத் திறக்க முந்தியே..."

"இந்தப் பக்கம் வரக்கொள்ள என்ன செய்யிறதெண்டுதான் ராவெல்லாம் யோசிச்சன். கடைல நிண்டு ஆணி நிறுத்துக் குடுக்க எனக்கு ஏலாது ஷிஃபானா. கிரேனுக்கு மேல ஏறி நிண்டு இந்தக் குடாவப் பாத்தவன் கீழ இறங்குவானா? உம்மாக்கு முன்னால அத வாசிக்காம எப்பிடித் தாண்டிப் போறதெண்டு தெரியாம வந்தா, நீங்க ஏற்கெனவே தாண்டிப் போட்டிருக்கிறீங்க."

அவள் சிரித்த சிரிப்பில் நஜ்முன் நிஸா குசினியிலிருந்து, "என்ன புள்ள?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு பக்கங்களும் பேப்பருக்கு அடியில் ஒன்றாகப் படுத்துக்கொண்டன.

அடுத்த மாதம் சொன்னபடியே மாவனல்லைக்குப் புறப்பட்டார்கள். ஷிஃபானாதான் ஓட்டினாள். தம்புள்ளையில் ஒரு கடையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள். ஆனாலும் மலையேற ஏற மீட்டர் இறங்கிக்கொண்டே போனது. பஸ்மியாவின் வீட்டு வாசலுக்குள் கார் நுழைந்தபோது நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம்தான் மிச்சம். நாளைக்கு எப்படித் திரும்புவது என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்னால் பார்த்தார்கள்.

போர்ட்டிகோச் சுவரில் ஒரு பெட்டி இருந்தது. மூதூரில் இருப்பதைப் போலவே, புத்தம் புதுப் பெட்டி. அதற்குக் கீழே நிலத்தில் புதிதாகச் சீமந்து பூசிய சின்னதொரு சதுரம். நடுவில் ஏர்த் கம்பியின் நுனி.

பஸ்மியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வயரை இழுத்து, முன்பே பழகியவர் மாதிரிக் காரில் கொளுவினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

றிஸ்கான் சீமந்துச் சதுரத்தைக் காலால் தட்டிப் பார்த்தான். "உம்மா, கீழ கல்தானே?"

"கல்தான். எங்க போகும்? கல்லுக்குள்ள ஏர்த் போடுறதுக்குக் கிடங்கு துளைச்சு ஒரு தூள் போடோணும். அது எங்கட கடைல ஈக்குது. கம்பியும் ஈக்குது. இருவது வருசமா நான்தானே விக்கிறேன்."

ஷிஃபானா பச்சை விளக்கையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அண்டைக்கு ஏன் மாமி கெணத்துக் கதையெல்லாம் சொன்னீங்க?"

பஸ்மியா மகனைப் பார்க்கவில்லை. வயரில் இல்லாத முறுக்கொன்றை நேராக்கினார். "இவன் சின்னதிலேந்து எனக்கு ஒரு பொய் செல்லினதில்ல மகள். வாப்பா மௌத்தான பொறகும் செல்லினதில்ல. அன்னக்கித்தான் முதல் முதலா செல்றான், அதுவும் வேர்த்து ஊத்தி. அவ்வளவுக்கு ஆசப்பட்டவன நான் என்னெண்டு இழுத்து வெச்சிக்க? ஒரு கை குடுத்தேன், அவ்வளவுதான்."

றிஸ்கான் குனிந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் உதறவில்லை. மற்றக் கையால் பெட்டியைத் தட்டினார். "இனி சார்ஜ் இல்ல, வர ஏலா எண்டு ஒரு சாட்டும் செல்ல ஏலாது. மாசத்துக்கு ஒருக்காத்தான் கேட்டேன். இனி ரெண்டுதரம் வரோணும்."

"வருவம் மாமி" என்றாள் ஷிஃபானா. அதை மனதாரவே சொன்னாள்.

"வாங்க, சோறு ஆறுது." பஸ்மியா படியேறினார். மேல்படியில் நின்று, அப்போதுதான் நினைவு வந்தவர் போலத் திரும்பினார்.

"மகள், எனக்கு இங்கிலீசு தெரியாட்டியும் எண்ணத் தெரியும். பத்துக்குப் பொறகு வாறது பதினொண்டு. அடுத்த தரம் வரக்கொள்ள அதயும் கொண்டு வாங்க, என்ன எழுதீக்குதெண்டு பாப்போம்."